மதலேனாள் தண்ணியில் கோடு

பாகூர் ஏரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர் அது. அந்த ஊரில் மதலேனாளுக்குப் பயப்படாத ஆள் கிடையாது. அவள் யாரையும் அடித்ததில்லை, வைததுமில்லை. நடந்து காட்டுவாள், அவ்வளவுதான்.

ஆளோ ஈர்க்குச்சி. ஆனால் ஊர்ப் பெரிய விவசாயி உலகநாதன் மாதிரி அவள் நடந்தால், இல்லாத தொந்தி முன்னால் தெரியும். தெருவில் படுத்திருந்த நாய்கள் அந்தத் தொந்திக்கு ஒதுங்கி வழிவிட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை கோயிலுக்குப் பின்னால் நின்று பங்குச் சாமியார் மாதிரி தொண்டையைச் செருமினாள். வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையில் சீட்டோடு முழங்காலில் விழுந்தார்கள். உள்ளே இருந்த சாமியாருக்கே சந்தேகம் வந்து, செருமியது தான்தானா என்று இன்னொரு தடவை செருமிப் பார்த்துக்கொண்டாராம்.

அப்படிப்பட்டவளுக்கு எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரை வெயிலில் இடது கால் இழுக்க ஆரம்பித்தது.

கரும்புக்குக் களை வெட்டிவிட்டு உச்சி வெயிலில் தெருவுக்குள் நுழைந்தாள். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இடது பாதம் தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. இடுப்பு ஒரு பக்கம் கோபித்துக்கொண்டு போக, தலை மறுபக்கம் போய் அதைச் சமாதானம் செய்தது. குழாயடியில் குடத்தோடு நின்ற தனக்கொடிதான் முதலில் பார்த்தாள்.

"அடியேய், ஓடியாங்கடி! மதலேனா புதுசா ஒண்ணு எடுத்துக்கினு வர்றா!"

குடங்கள் அப்படியே நின்றன. வாசல்களில் தலைகள் முளைத்தன.

"யாருடி இது? இரு, இரு, நானே சொல்றேன். கோயில்பிள்ளை யாகப்பன்! வெள்ளிக்கெழம சாயந்தரம் சாராயக்கடையிலேருந்து திரும்புற நடை!"

"யாகப்பனும் இல்ல, மயிலப்பனும் இல்ல. என் காலுடி இது. நெசமா இழுக்குது."

"ஐயோ, கொரல எப்டி நடுங்க வுடுறா பாரு!"

தெருவே கைதட்டியது. தனக்கொடி ஒன்ஸ்மோர் கேட்டாள்.

மதலேனாள் கோபத்தோடு திரும்பி ஏரிக்குப் போய்க் கழுத்து வரைக்கும் முழுகினாள். கொஞ்ச நேரத்தில் கால் மறுபடியும் காலாகிவிட்டது. ஈரப் புடவையோடு நேராக நடந்து வந்தாள். அதுதான் வினையாயிற்று. "பாத்தியா, ஆட்டம் முடிஞ்சி வேசத்தக் கலைச்சிட்டா" என்றார்கள். மறுநாளும் வெயிலில் கால் இழுத்தது. மறுநாளும் ஏரியில் முழுகியதும் சரியானது. ஏரியில் முழுகினால் போகிற நோயை உலகத்தில் யார் நம்புவார்கள்?

ஊர் சிரித்தால் பரவாயில்லை. கோயில்பிள்ளை யாகப்பன் சிரிக்கவில்லை. கோயிலுக்கு மணி அடித்து, மெழுகுத்திரி ஏற்றி, பூசைக்கு எல்லாம் எடுத்து வைக்கிறவர் அவர். நேரே சாமியாரிடம் போய்விட்டார்.

"சாமி, நான் குடிக்கிறது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ள விசயம். அத அந்தப் பொம்பள தெருவுல நடந்து காட்டுறா. அவ மன்னிப்பு கேக்குற வரைக்கும் நான் மணியத் தொடமாட்டேன்."

மணி நின்றதும் ஊருக்குக் காலை எது, மாலை எது என்று தெரியாமல் போயிற்று. பூசைக்குப் பாதிப் பேர் முடிந்த பிறகு வந்தார்கள். மீதிப் பேர் முந்தின நாளே வந்து உட்கார்ந்தார்கள். சாமியார் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், ஊரார் முன்னால், மதலேனாள் யாகப்பனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அவள் புருஷன் பிலவேந்திரன் நல்ல மனுஷன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "கேட்டுத் தொலையேன். ஒரு வார்த்தைதான?"

"என் காலு இழுத்ததுக்கு அந்த ஆளுகிட்ட நான் இன்னாத்துக்குய்யா மன்னிப்பு கேக்கணும்?"

"சரி, கேக்காத. ஆனா ஒண்ணுடி. அச்சு அசலா யாகப்பன் கணக்காவே இருந்துச்சி." சொன்னவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. வாயில் இருந்த பருக்கைகள் எதிர்ச் சுவர் வரை போயின.

ஊர் சிரித்ததெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. இந்தச் சிரிப்பு உறைத்தது. போன வருஷம் வலது கண்ணில் சாம்பல் தூவினாற்போல மங்கி, சில வாரத்தில் தானாகத் தெளிந்ததே, அப்போதும் இவன் இப்படித்தான் சிரித்தான். படுத்துக்கொண்டு யோசித்தாள். யோசிக்க யோசிக்க அதைவிட மோசமான எண்ணம் ஒன்று வந்தது. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியோ? ஊரில் உள்ள அத்தனை பேர் நடையையும் உடம்புக்குள் அடைத்து வைத்திருக்கிறோமே, அதில் ஒன்று கேட்காமல் கொள்ளாமல் வெளியே வந்துவிட்டதோ? தனக்கே தெரியாமல் நடிக்கிறோமோ?

காலையில் எழுந்ததும் புருஷனிடம் சொன்னாள்: "நான் மன்னிப்பு கேக்கறேன். ஆனா அதுக்கு மின்ன ஒரு டாக்டரு, இது நடிப்புதான்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும். பொறப்படு."

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த டாக்டரின் அறையில் தலைக்கு மேல் மின்விசிறி புயலாகச் சுற்றியது. அந்தக் குளிர்ச்சியில் கால் கல்யாணப் பெண்போல அடக்கமாக இருந்தது. டாக்டர் சின்னச் சுத்தியால் முட்டியைத் தட்டினார்.

"எங்க, நடந்து காட்டு."

"யாரு மாதிரி?" என்றாள் மதலேனாள், பழக்க தோஷத்தில்.

பிலவேந்திரன் குபீரென்று சிரித்துவிட்டான். டாக்டர் பேனாவை மூடினார். இது மனசுக் கோளாறு, வீட்டுக்குப் போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்தவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் அவளுக்கு நடைதான் வரும். கையைப் பின்னால் கட்டி, மோவாயை உயர்த்தி, கழுத்தில் இல்லாத குழாய் ஆட, அந்த டாக்டராகவே தாழ்வாரத்தில் நடந்தாள். சீட்டுக்கு வரிசையில் நின்ற நோயாளிகள் வலியை மறந்து சிரித்தார்கள். ஊன்றுகோலோடு வந்த ஒருவர் அதைப் போட்டுவிட்டுக் கைதட்டினார்.

சத்தம் கேட்டுத் தாழ்வாரக் கோடியில் இருந்த ஆய்வுக்கூடக் கதவு திறந்தது. விரலெல்லாம் நீலச் சாயத்தோடு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். டாக்டர் ருக்குமணி. அவரும் சிரித்துவிட்டுத்தான் கேட்டார்.

"யாரும்மா நீ? உனக்கு என்ன?"

"காலு இழுக்குதுங்க. வெயில்ல இழுக்கும். ஏரியில முழுகுனா போயிடும்."

இதைக் கேட்டவர்கள் எல்லாம் இதுவரை உதட்டைத்தான் பிதுக்கியிருக்கிறார்கள். ருக்குமணியின் முகமோ பம்பர் பரிசு விழுந்த மாதிரி மலர்ந்தது.

"இதுக்கு முன்னால எப்பவாவது ஒரு கண்ணு மங்கி, தானா தெளிஞ்சுதா?"

மதலேனாள் புருஷனை முறைத்தாள். "நீ சொன்னியா?"

"நான் எப்ப சொன்னேன்? இந்த அம்மாவ நானே இப்பதான் பாக்குறேன்!"

பிலவேந்திரனை வெளியே உட்காரவைத்துவிட்டு, ருக்குமணி அவளை உள்ளே கூட்டிப்போய் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தார். ஏரியில் முழுகினால் போகிற இழுப்பு, வெந்நீரில் முழுகியதும் வந்துவிட்டது. எழுந்து ஓர் அடி வைத்தவள் ருக்குமணியின் தோளைப் பிடித்துத்தான் நின்றாள். அங்கே கைதட்ட ஆள் இல்லை.

"இது மூளையிலயும் முதுகுத் தண்டுலயும் வர்ற ஒரு நோயா இருக்கலாம்" என்றார் ருக்குமணி, பிலவேந்திரனையும் உள்ளே கூப்பிட்டு. "நரம்பு மேல இருக்குற உறை அங்கங்க உரிஞ்சு போகும். சூடு பட்டா அந்த இடத்துல சேதி சரியா போகாது. வெள்ளைக்காரங்க நாட்டுல நிறைய. நம்ம பக்கம் இல்லேன்னே புஸ்தகத்துல போட்டிருக்கு. நிஜமா இல்லையா, இல்ல யாரும் தேடலையான்னுதான் நான் தேடிக்கிட்டிருக்கேன்."

"வெள்ளக்காரன் போவும்போது எல்லாத்தையும் வாரிக்கினு போனான், இத மட்டும் எங்க வூட்ல வச்சிட்டுப் போயிட்டானா?" என்றான் பிலவேந்திரன்.

"எதுல தேடுறீங்க?" என்றாள் மதலேனாள்.

"முதுகுத் தண்டைச் சுத்தித் தண்ணி இருக்கு. ஊசி போட்டு அதுல கொஞ்சம் எடுப்பேன். அதுல புரதம் இருக்கும். கூழ் மாதிரி ஒரு தகட்டுல வச்சுக் கரண்ட் விட்டா, பூசை முடிஞ்சு கோயில்லேருந்து ஜனங்க கிளம்புற மாதிரி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தூரம் ஓடும். சாயம் போட்டுப் பாத்தா, சாதாரணமா கடைசிப் பக்கம் மூட்டமா, கூட்டமா தெரியும். இந்த நோய் இருந்தா அந்தக் கூட்டத்துல சில பேரு மட்டும் தனித்தனியா வரிசை கட்டி நிப்பாங்க. கோடு கோடா தெரியும். ரத்தத்தையும் பக்கத்துல ஓட்டிப் பாப்பேன். ரத்தத்துல இல்லாத கோடு தண்ணியில இருந்தா, நோய் உள்ளதான் உக்காந்திருக்கு."

"நடுவுல கரண்ட்டு போயிட்டா?"

"புரதம் எல்லாம் நடு ரோட்டுல நிக்கும். திரும்ப முதல்லேருந்து ஓட்டணும். என் தலைமுடி நரைச்சதே அப்படித்தான்."

மதலேனாளுக்கு அதெல்லாம் கவலையில்லை. ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "டாக்டரம்மா, அந்தத் தண்ணி நடிக்காது இல்ல?"

ருக்குமணி ஊசியை எடுத்தார். "தண்ணிக்கு நடிக்கத் தெரியாதும்மா" என்றார்.

இறால் மாதிரி சுருண்டு படுத்து, ஊசி போட்டுக்கொண்டு, ஒரு நாள் தலையைத் தூக்காமல் கிடந்துவிட்டு ஊருக்கு வந்தாள். கோடு விழுந்தால் பஸ்ஸில் சொல்லி அனுப்புவதாக ருக்குமணி சொல்லியிருந்தார். ஞாயிறு நெருங்கியது. யாகப்பன் மன்னிப்பு வாங்கிக்கொள்வதற்காக வேட்டியை வெளுக்கப் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் வந்தது. நிறுத்தத்தில் உலகநாதன் மட்டும்தான் நின்றார். கண்டக்டர் தங்கவேல் படியில் தொங்கியபடியே கத்தினான்.

"அண்ணே, மதலேனாகிட்ட சொல்லிடுங்க! தண்ணியில கோடு வந்துடுச்சாம்! நாளைக்கி பெரியாஸ்பத்திரிக்கு வரணுமாம்! ரைட்!"

பஸ் போய்விட்டது. உலகநாதன் இடி விழுந்த பனைமரமாக நின்றார்.

காரணம் இருக்கிறது. கோர்ட்டு என்று எழுதுவார்கள். அந்தப் பக்கத்து வாய்க்கு அது கோடுதான். 'கோட்டுக்குப் போறேன்', 'கோட்டுல பாத்துக்கலாம்' என்றுதான் பேச்சு. அந்த வருஷமோ சொர்ணவாரி நடவுக்கு ஏரித் தண்ணீர் விடுவதில் மேல்மடைக்காரர்களோடு தகராறு. உலகநாதன் தூக்கத்தில்கூட மதகைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். தண்ணீர் கோர்ட்டுக்குப் போய்விட்டதா! ஆஸ்பத்திரி எதற்கு என்பதும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கேஸ் போடுகிறவன் முதலில் மண்டையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுப்பதுதானே வழக்கம்? மேல்மடையான் எவனோ படுத்துவிட்டான். மதலேனாளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். தொந்தி முன்னே ஓட, அவர் பின்னே ஓடினார்.

"மதலேனா! தண்ணி கோடு வரைக்கும் போயிடுச்சாமேம்மா! ஒன்ன நாளைக்கி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க!"

மதலேனாள் முறத்தைக் கீழே போட்டாள். "கோடு வந்துடுச்சா மாமா? நெசமா?"

"ஒனக்கு மின்னியே தெரியுமா?"

"எனக்குத் தெரியாமயா? என் தண்ணிதான மாமா!"

"இன்னாது, ஒன் தண்ணியா? ஊருக்கே பொதுவான தண்ணிம்மா அது!"

மதலேனாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க இப்டி நெனைப்பீங்கன்னு எனக்குத் தெரியாது மாமா."

"வேற எப்டி நெனைக்கிறது? ஒன்ன மட்டும் தனியா அனுப்புவோமா? ஊரே வரும்!"

வந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஊரே ஏறியது. சலவை வேட்டி, தோளில் துண்டு, கக்கத்தில் பட்டா, சிட்டா, பாட்டன் காலத்து பிரெஞ்சுப் பத்திரம். ஜன்னல் வழியாக ஏறினார்கள், கூரையில் ஏறினார்கள். டிரைவரின் மடியிலும் ஒருவர் உட்கார்ந்து வந்ததாகச் சொல்லுவார்கள். கோயில் நிலத்துக்காக யாகப்பனும் வந்திருந்தார். முன் இருக்கையில் மதலேனாள் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். "பாருய்யா, யாகப்பன் கூட வந்திருக்காரு எனக்காக" என்று பிலவேந்திரன் காதில் சொன்னாள். அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை, பெருமையாகத் தலையாட்டினான்.

ஆய்வுக்கூடக் கதவைத் திறந்த ருக்குமணி எதிரே வெள்ளை வேட்டிக் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். உலகநாதன் முன்னால் வந்தார்.

"எங்க தண்ணியக் கோட்டுல ஏத்துனது யாரு?"

"நான்தான்" என்றார் ருக்குமணி. "தண்ணிய ஓட்டிப் பாத்தேன். கோட்டை நான் ஏத்தலீங்க. அதுவா வந்துது."

"எம்மாந் தண்ணி எடுத்தீங்க?"

"கொஞ்சந்தான். ஓட்டுனது ஒரு சொட்டு."

"ஒரு சொட்டுத் தண்ணிக்கா கோடு?" உலகநாதனின் குரல் உடைந்தது. "எத்தினி கோடு?"

"அஞ்சு."

"அஞ்சு கோடா!" துண்டு தோளிலிருந்து விழுந்தது. "ஒரு கோட்டுக்கு அலையவே ஆளு இல்ல, பாவி, அஞ்சு கோட்டுல போட்டுட்டானா!"

ருக்குமணிக்கு அப்போதுதான் கக்கத்துப் பத்திரங்கள் கண்ணில் பட்டன. விஷயம் விளங்கியதும் சிரிப்பு வந்தது. மதலேனாளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். எல்லாரையும் உள்ளே விட்டு, வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு தகட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏரித் தண்ணி இல்லீங்க. இந்த அம்மா முதுகுத் தண்ணி. இது அவங்க ரத்தம், பாருங்க, வெறும் மூட்டம். இது தண்ணி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

ஊர் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தது. மயிரிழை மாதிரி நீலக் கோடுகள். நடவு முடிந்த வயல் வரிசைபோலத் துல்லியமாக நின்றன.

"வேற சில நோய்லயும் கோடு வரும். இது மட்டுமே தீர்ப்பு இல்ல" என்றார் ருக்குமணி. "ஆனா கண்ணு, காலு, வெந்நீரு, இந்தக் கோடு, எல்லாத்தையும் சேத்துப் பாத்தா எனக்குச் சந்தேகம் இல்ல. நோய் நிஜம். வரும், போகும், திரும்ப வரும். ஒரே அடியாப் போக்க மருந்து இன்னும் யார்கிட்டயும் இல்ல. உடம்பு சூடாகாம பாத்துக்கணும். இவங்க நடிக்கல."

நோய் என்று சொன்னதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது. மதலேனாள் சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள். "நான் நடிக்கல" என்று தனக்கே ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். பிலவேந்திரன் தகட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் வாய் கோணியது. சிரிப்புக்கு அல்ல.

யாகப்பன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "டாக்டரம்மா, அவ நடையும் என் நடையும் ஒண்ணுன்னுதான் ஊரே சொல்லுது. அப்ப எனக்கும் கோடு இருக்கணுமே. என் தண்ணியும் எடுத்துப் பாருங்க."

ருக்குமணி அரை அடி கிட்டே வந்து மூச்சை இழுத்தார். "ஒங்க நடைக்குக் காரணம் வேற தண்ணிங்க."

ஊர் சிரித்த சிரிப்பில் ஆய்வுக்கூடக் கண்ணாடிகள் அதிர்ந்தன. யாகப்பன் காது சிவந்து நின்றார். பிறகு மதலேனாளிடம் மெல்லச் சொன்னார்: "நாளைக்கி நீ ஒண்ணும் கேக்க வாணாம்மா. காலைல மணி அடிக்கும்."

வெளியே வந்தபோது உச்சி வெயில். பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் கால் இழுக்கத் தொடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் குரலை அடக்கி, அவளுக்குப் பின்னால் மெதுவாக, சாவு ஊர்வலம் மாதிரி நடந்தார்கள். மதலேனாள் திரும்பிப் பார்த்தாள். நம்பச் சொன்னால் இவர்கள் என்ன, அடக்கம் செய்யவே கிளம்பிவிட்டார்களே! சட்டென்று நின்றாள். இல்லாத தொந்தியைத் தள்ளினாள். முந்தானையைத் தோளிலிருந்து நழுவவிட்டாள்.

"அஞ்சு கோடா! பாவி, அஞ்சு கோட்டுல போட்டுட்டானா!"

நடுரோட்டில் ஊர் வெடித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் உலகநாதன். சிரித்த வேகத்தில் அவள் சாய்ந்தாள். சாய்வதற்குள் பிலவேந்திரனின் கை அவள் அக்குளுக்குக் கீழே இருந்தது. அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். கையை மட்டும் எடுக்கவில்லை.

"சூடு ஆவக்கூடாதுன்னாங்க இல்ல?" என்றார் உலகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இருங்கடா." மீன் மார்க்கெட் பக்கம் போனவர், மாட்டு வண்டிச் சக்கரம் பெருசுக்கு ஒரு பாளம் ஐஸை நாலு பேர் தூக்கிவரத் திரும்பினார். மரத்தூளும் கோணியும் சுற்றிய ஐஸ் பஸ்ஸில் ஏறியது. அதன்மேல் இரண்டு காலையும் வைத்து மதலேனாள் மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். பஸ்ஸுக்குள் மீன் வாடை ஏறியது.

தங்கவேல் குறுக்கே வந்து நின்றான். "ஐஸுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்."

"எடுக்கறோம்பா. பாகூர் போறதுக்குள்ள கரைஞ்சிட்டா பாதி திருப்பித் தருவியா?" என்றார் உலகநாதன்.

"அதெல்லாம் தர முடியாது. எடுக்கலன்னா வண்டி நவுராது. நான் கீழயே நிக்கிறேன்." சொன்னபடியே இறங்கி நின்றான் தங்கவேல்.

மதலேனாள் காலை ஐஸில் அழுத்திக்கொண்டு, கழுத்தை ஜன்னல் பக்கம் நீட்டி, தங்கவேலின் குரலிலேயே கத்தினாள்.

"போலாம் ரைட்!"

டிரைவர் கிளப்பிவிட்டான். தங்கவேல் பையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தான். அவன் எப்படி ஓடுகிறான், எந்தத் தோள் முதலில் வருகிறது என்று மதலேனாள் பின்பக்கம் திரும்பி உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.